கத்தரிக்கோல் யார் கையில்? – பிலிப்பைன்ஸ் ‘பொம்பா’ சினிமாவின் பண்பாட்டு வரலாறு



ஒரு தலித் இலக்கிய மேடையில், அதுவும் நினைவுச் சொற்பொழிவு நாளில், பிலிப்பைன்ஸ் நாட்டின் ‘வயது வந்தோர்’ படங்களைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கொச்சை, ஆபாசம், கீழ்த்தரம் என்ற சொற்கள் எந்த மக்களை நோக்கி வீசப்பட்டு வந்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். நம் பேச்சும் பாட்டும் ஆட்டமும் அந்தச் சொற்களால்தான் வெளியே நிறுத்தப்பட்டன. ஆகவே ஒரு நாட்டில் எது ஆபாசம் என்று தீர்மானித்தவர்கள் யார், அந்தத் தீர்மானத்தால் பலன் பெற்றவர்கள் யார், யாருடைய உடல் அதற்கு விலையானது என்று விசாரிப்பது நமக்குப் புதிய வேலை அல்ல.

பிலிப்பைன்ஸ் சினிமாவின் இந்தப் பகுதியை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். ஒழுக்கம் சீரழிந்த கதை என்பார்கள் மதவாதிகள். கலைச் சுதந்திரம் வென்ற கதை என்பார்கள் சினிமா ரசிகர்கள். நாம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வருகிறோம். அந்த நாட்டில் திரையின் கதவு மக்களின் ஒழுக்கத்தைப் பார்த்துத் திறக்கவோ மூடவோ இல்லை. ஆட்சியின் தேவையைப் பார்த்தே திறந்தது, மூடியது. திறந்தபோதும் மூடியபோதும் சாவி அந்த உடல்களுக்குச் சொந்தக்காரர்களிடம் இருந்ததில்லை.

மரியா கிளாராவின் நிழல்

பிலிப்பைன்ஸ் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் காலனியாக இருந்தது. 1898க்குப் பின் அமெரிக்காவின் கைக்குப் போனது. 1946இல் விடுதலை பெற்றது. ஸ்பெயின் விட்டுச் சென்றது கத்தோலிக்கத் திருச்சபை. அமெரிக்கா விட்டுச் சென்றவை ஆங்கிலம், ஹாலிவுட், ராணுவத் தளங்கள்.

‘நல்ல பெண்’ என்பதற்கு அந்நாட்டில் ஒரு பெயர் உண்டு: மரியா கிளாரா. ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட ‘நோலி மே தாங்கரே’ நாவலின் நாயகி அவள். அடக்கம், நாணம், கற்பு ஆகியவற்றின் வடிவமாக அவளைப் பள்ளிக்கூடங்களும் மேடைகளும் கொண்டாடின. ஆனால் நாவலில் அவள் யார்? அதிகாரம் படைத்த ஒரு ஸ்பானியப் பாதிரியாருக்கும் இன்னொருவரின் மனைவிக்கும் பிறந்த மகள். காலனிய மதபீடத்தின் அத்துமீறலை அம்பலப்படுத்த ரிசால் படைத்த பாத்திரத்தையே ஒழுக்கத்தின் அளவுகோலாக மாற்றிக்கொண்டது அந்தச் சமூகம்.

அந்த அளவுகோலுக்கு நிறமும் உண்டு. ஸ்பானிய, அமெரிக்கக் கலப்பில் பிறந்த வெளிர்நிற ‘மெஸ்டிசோ’ முகங்களே நீண்டகாலம் திரையை ஆண்டன. பிலிப்பைன்ஸ் திரையின் முதல் முத்தம் எனப்படும் காட்சி 1926இல் ‘தத்லோங் ஹம்போக்’ படத்தில் வந்தது. அதில் நடித்த டிம்பிள்ஸ் கூப்பரும் கலப்பினப் பெண்தான். 1950களில் எல்விஎன், சம்பகிதா, பிரீமியர், லெப்ரான் ஆகிய பெரிய ஸ்டூடியோக்கள் நாயக, நாயகியரை வார்த்தெடுத்ததும் இதே அச்சில்தான். சிறுமியாக ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற, மாநிறமும் குள்ள உருவமும் கொண்ட நோரா ஆனோர் 1960களின் இறுதியில் பாடகியாக வந்து பெரும் நட்சத்திரமானபோது அது ஒரு சமூக நிகழ்வாகப் பேசப்பட்டதற்குக் காரணம் இந்தப் பின்னணி.

மரச்செருப்புக் கூட்டம்

‘பாக்யா’ என்றால் டகலாக் மொழியில் மரச்செருப்பு. தோல் செருப்பு வாங்க வசதியற்ற ஏழைகள் அணிவது. இயக்குநர் லம்பெர்த்தோ அவெல்லானா தன் கலைப்படங்களைப் பார்க்க வராத ரசிகர்களை ‘பாக்யாக் கூட்டம்’ என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அந்தச் சொல் நிலைத்துவிட்டது. மலிவான ரசனை, அழுமூஞ்சிப் படம், கத்திப் பேசும் வசனம் எல்லாமே ‘பாக்யா’ ஆயின. நம்மூரில் ‘தரை டிக்கெட்’ என்று சொல்லும்போது குரலில் ஏறும் ஏளனத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 1970இல் எழுத்தாளர் ஹோசே லகாபா இந்தச் சொல்லை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் அங்கே மாணவர்களால் வாசிக்கப்படுகிறது.

செருப்பை வைத்து மனிதரை அளக்கும் பழக்கம் எப்படிப்பட்டது என்று இந்த அரங்கத்துக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்து வந்த படங்கள் மீதான வசையிலும் பாதி, படத்தைப் பற்றியதாக இல்லாமல் பார்ப்பவர்களைப் பற்றியதாகவே இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

பொம்பா

1960களில் பெரிய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1961இல் எல்விஎன் படத்தயாரிப்பை நிறுத்தியது. அந்த இடத்தில் சிறு முதலாளிகள் புகுந்தார்கள். ஒரு படத்தில் போட்ட பணத்தை அந்தப் படத்திலேயே எடுத்தாக வேண்டிய நிலை அவர்களுக்கு. ஐரோப்பியப் பாலியல் படங்கள் இறக்குமதியாகி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1970இல் ரூபன் அபலோஸ் இயக்கி மெர்லே ஃபெர்னாண்டஸ் நடித்த ‘உஹாவ்’ வெளிவந்தது. ‘தாகம்’ என்பது அதன் பொருள். ‘பொம்பா’ அலையின் முதல் படமாக அதையே குறிப்பிடுகிறார்கள்.

‘பொம்பா’ என்ற சொல்லுக்கு வெடிகுண்டு என்றும் தண்ணீர் இறைக்கும் பம்பு என்றும் பொருள் உண்டு. அரசியலில் அதற்கு மூன்றாவது பொருள் இருந்தது. எதிராளியின் ஊழலை நாடாளுமன்றத்திலோ பொதுக்கூட்டத்திலோ போட்டு உடைக்கும் பேச்சும் ‘பொம்பா’தான். மறைத்ததை வெளியே போடுவது என்ற பொருளில்தான் அது இந்தப் படங்களுக்கும் பெயரானது.

காலத்தைக் கவனியுங்கள். 1969 டிசம்பர் இறுதியில் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் இரண்டாம் முறையாக அதிபர் பதவி ஏற்றார். 1970 ஜனவரி முதல் மார்ச் வரை மணிலாவின் மாணவர்களும் தொழிலாளர்களும் வீதியில் இறங்கினார்கள். ‘முதல் காலாண்டுப் புயல்’ என்று வரலாறு பதிவு செய்திருக்கும் எழுச்சி அது. வீதியில் மாணவர்கள் அதிகாரத்தை அம்பலப்படுத்திய அதே மாதங்களில்தான் திரையரங்குகளில் இந்தப் படங்கள் பெருகின. மக்களைத் திசைதிருப்ப அரசே விட்டுவைத்தது என்றனர் ஒரு சாரார். எல்லாக் கட்டுகளும் தளர்ந்த காலத்தின் ஒரு வெளிப்பாடு என்றனர் மறுசாரார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அரசு இதை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஆவணமே இருக்கிறது.

1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அந்த மாத இறுதியிலேயே சினிமாவுக்கென்று தனி ஆணை ஒன்று பிறந்தது. அது தடை செய்தவற்றின் பட்டியலில் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தூண்டும் படங்களும், அரசின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையைக் குலைக்கும் படங்களும், ஆபாசப் படங்களும் அடுத்தடுத்து இடம்பெற்றன. ஒழுக்கத்தைக் காப்பதும் ஆட்சியைக் காப்பதும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அதற்குப் பின் படம் எடுக்கும் முன்பே திரைக்கதையைத் தணிக்கைக்குக் காட்டியாக வேண்டும்.

நனைந்த துணியும் மறைக்கப்பட்ட சேரியும்

ஆனால் கதவு முழுதாக மூடப்படவில்லை. 1974இல் செல்சோ ஆட் காஸ்டில்லோ இயக்கத்தில் ஒரு படம் வந்தது. ‘பூமியின் மிக அழகிய விலங்கு’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். நாயகி, 1969இன் பிரபஞ்ச அழகி குளோரியா டயஸ். நிர்வாணம்தானே கூடாது? மெல்லிய வெள்ளைத் துணியுடன் அவர் நீரில் நனைந்தார். அதிலிருந்து ‘ஈரத் தோற்றம்’ என்று ஒரு புது வகையே கிளம்பியது. சட்டத்தின் எழுத்தை மதித்தபடியே வியாபாரம் நடந்தது.

அதே 1974இல் மார்கோஸ் அரசு பிரபஞ்ச அழகிப் போட்டியை மணிலாவில் நடத்தியது. அதற்காக 77 நாட்களில் ஓர் அரங்கம் எழுப்பப்பட்டது. உள்ளூர் ஒழுக்கத்துக்குக் காவல் நின்ற அரசு, உலகத்தின் முன் பெண்ணழகை நாட்டின் விளம்பரப் பலகையாக நிறுத்தியது. சுற்றுலா வருவாய் என்ற பெயரில் மணிலாவின் எர்மிட்டா பகுதியிலும், அமெரிக்கத் தளங்களை ஒட்டிய ஓலங்கபோ, ஆஞ்சலஸ் நகரங்களிலும் பாலியல் தொழில் செழித்ததை அந்தக் காவல் கண்டுகொள்ளவில்லை.

அப்படியானால் அந்த அரசுக்கு எதுதான் ஆபாசமாகத் தெரிந்தது? வறுமைதான். முதல் பெண்மணி இமெல்டா மார்கோஸின் பண்பாட்டு முழக்கம் ‘உண்மை, நன்மை, அழகு’ என்பது. 1975இல் அவர் மெட்ரோ மணிலாவின் ஆளுநருமானார். வெளிநாட்டு விருந்தினர்கள் கடந்து போகும் சாலைகளில் சேரிகள் தெரியாதபடி வேலி கட்டி வெள்ளையடித்தார்கள். லினோ ப்ரோக்கா 1976இல் எடுத்த ‘இன்சியாங்’, மணிலாவின் தோண்டோ சேரியில் தாயின் காதலனால் வன்புணர்வுக்கு ஆளாகும் ஒரு பெண்ணின் கதை. 1978இல் கான் விழாவுக்குச் சென்ற முதல் பிலிப்பைன்ஸ் படம் அதுவே. 1980இல் இஷ்மாயில் பெர்னால் எடுத்த ‘மணிலா பை நைட்’ இரவு நகரத்தின் போதையையும் பாலியல் தொழிலையும் பிழைப்புக்கான ஓட்டத்தையும் காட்டியது. தலைப்பிலிருந்தும் வசனங்களிலிருந்தும் ‘மணிலா’ என்ற பெயரையே வெட்டச் சொன்னார்கள். ‘சிட்டி ஆஃப்டர் டார்க்’ என்ற பெயரில்தான் அது வெளிவர முடிந்தது. பெர்லின் விழாவுக்குப் போகவும் அனுமதி கிடைக்கவில்லை. கத்தரிக்கோல் உடலைத் தேடிய அளவுக்கு ஊரின் பெயரையும் தேடியிருக்கிறது.

சிமெண்டில் புதைந்தவர்கள்

இமெல்டாவுக்கு மணிலாவை ஆசியாவின் கான் நகரமாக்கும் கனவு இருந்தது. 1982 ஜனவரியில் நடக்கவிருந்த சர்வதேசத் திரைப்பட விழாவுக்காக, மணிலா வளைகுடாவை நிரப்பி எடுத்த நிலத்தில், கிரேக்கக் கோயிலைப் போன்ற ‘மணிலா திரைப்பட மையம்’ எழுந்தது. இரவு பகலாக வேலை. 1981 நவம்பர் 17 அதிகாலையில் சாரம் சரிந்தது. ஈரம் காயாத, விரைவில் இறுகும் சிமெண்டில் தொழிலாளர்கள் விழுந்து புதைந்தார்கள். மீட்புப் படையும் செய்தியாளர்களும் பல மணி நேரம் உள்ளே விடப்படவில்லை. இறந்தோர் பட்டியலை அரசு முறையாக வெளியிடவும் இல்லை. விழா மட்டும் குறித்த நாளில் நடந்தது.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பணமில்லை. அதற்கு ஆட்சி கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். 1983 விழாவை ஒட்டி, வெட்டப்படாத படங்களைத் திரையரங்குகளில் காட்ட அனுமதித்து அந்த வசூலில் செலவை ஈடுகட்டினார்கள். பத்தாண்டுகளாக நாட்டின் ஒழுக்கத்துக்காக அடைத்திருந்த கதவு, கஜானா காலியானதும் திறந்துகொண்டது.

1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பொருளாதாரம் சரிந்தது, எதிர்ப்பு பெருகியது. அரசு உருவாக்கிய ‘பரிசோதனை சினிமா’ நிறுவனத்துக்கு மார்கோஸின் மகள் இமீ தலைமை வகித்தார். அந்நிறுவனத்துக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு இருந்தது. ‘ஒரோ, பிளாட்டா, மாட்டா’, ‘ஹிமாலா’ போன்ற சிறந்த படங்களை 1982இல் தயாரித்தது இதே நிறுவனம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சில ஆண்டுகளிலேயே திரைப்பட மையம் தணிக்கையில்லாப் பாலியல் படங்களுக்கான அரங்காகிவிட்டது. முதலில் தொழிலாளர்களின் உடலை விழுங்கிய கட்டடம், பிறகு பெண்களின் உடலைக் காட்டிப் பிழைத்தது.

பானங்களின் பெயரில் பெண்கள்

இந்தக் காலத்தில் ஒரு திறன் முகவர் இளம்பெண்கள் மூவரைத் திரைக்கு அறிமுகப்படுத்தினார்: பெப்சி பலோமா, சார்சி இம்மானுவேல், கோகா நிக்கோலஸ். ‘குளிர்பான அழகிகள்’ என்று பத்திரிகைகள் எழுதின. கடையில் வாங்கிக் குடித்துப் புட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பொருள்களின் பெயர்கள் அவை. பெயர் சூட்டுவது ஓர் அதிகாரம் என்பதை நம் முன்னோர்கள் மீது ஏற்றப்பட்ட பெயர்களிலிருந்து நாம் கற்றிருக்கிறோம். இங்கே அந்த அதிகாரம் சிரித்துக்கொண்டே செயல்பட்டது.

பெப்சி பலோமா அமெரிக்கத் தந்தைக்கும் ஃபிலிப்பினோத் தாய்க்கும் பிறந்தவர். திரைக்கு வந்தபோது சிறுமி. 1982இல் தொலைக்காட்சிப் பிரபலங்கள் சிலர் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். பின்னர் புகார் திரும்பப் பெறப்பட்டது. எந்த நீதிமன்றத் தீர்ப்பையும் அது எட்டவில்லை. 1985 மே 31 அன்று அவர் இறந்துகிடந்தார். தற்கொலை என்று போலீஸ் முடித்தது. அவருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. திரையில் அவர் உடலைப் பார்ப்பதற்கு வயது வரம்பு வைத்த சமூகத்திடம், அந்த உடலுக்குரியவரின் வயதைக் கேட்க விதி இருக்கவில்லை.

இயக்குநர்களின் அரசியல்

இப்படங்கள் அனைத்தும் வெறும் வியாபாரம் என்றால் அதுவும் சரியாகாது. டிக்கோய் அகிலூஸின் ‘போட்மேன்’ (1984), படகோட்டியாகச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பிழைத்த ஓர் இளைஞன் மணிலாவுக்கு வந்து, காசு கொடுப்போர் முன் உறவு கொள்ளும் ‘தோரோ’ தொழிலில் சிக்குவதைச் சொல்கிறது. வேறு விற்க எதுவுமில்லாதவன் உடலை விற்கிறான் என்ற பொருளாதார உண்மையை அது மறைக்கவில்லை. பெக்கே கல்லாகாவின் ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ (1985) ஒரு நெருக்கடியான வாடகைக் குடியிருப்பில் நடக்கிறது. மாடியறையில் இருக்கும் மாணவன், தரைப்பலகையின் துளை வழியே கீழே ஒரு காவலாளியையும் அவன் மனைவியையும் பார்க்கிறான். பார்ப்பவன் பங்கேற்பவனாகிறான், கடைசியில் துப்பாக்கி பேசுகிறது. வேவு பார்த்தலும் ஆயுதமும் மூச்சுத்திணறலும் சேர்ந்த அந்த அறையை மார்கோஸ் ஆட்சியின் கடைசிக்கால பிலிப்பைன்ஸாகவே விமர்சகர்கள் வாசித்தார்கள்.

அந்த வாசிப்பை நாம் மறுக்கவில்லை. அதன் கணக்கையும் கேட்கிறோம். உருவகம் இயக்குநருக்குப் புகழானது. படத்தில் மாணவனாக நடித்த டேனியல் ஃபெர்னாண்டோ 2019இல் புலகான் மாகாணத்தின் ஆளுநரானார். அவர் உயர்வை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அலையில் வந்துபோன பல பெண்களின் பெயர் சுவரொட்டியோடு கிழிந்துபோனது. ஒரு தேசத்தின் துயரத்தைச் சொல்லப் பெண்ணுடல் குறியீடாகும்போது, அந்தப் பெண்ணின் துயரம் எந்தக் குறியீட்டில் சொல்லப்படும் என்ற கேள்வியைத் தலித் பெண்ணியம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அரசுக் கட்டடத்தில் வெட்டப்படாத படங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், லினோ ப்ரோக்கா அச்சகத் தொழிலாளி ஒருவனையும் ஒரு வேலைநிறுத்தத்தையும் பற்றி ‘பயன் கோ: கபித் சா பதாலிம்’ எடுத்தார். 1984இல் நாட்டைவிட்டு ரகசியமாகக் கொண்டு செல்லப்பட்டு அது கான் போட்டியில் திரையிடப்பட்டது. உள்நாட்டிலோ வெட்டுகள் கேட்கப்பட்டன. பிறகு வெட்டுகளைக் கைவிட்ட தணிக்கை வாரியம், ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற முத்திரையை விடவில்லை. 1985 ஜனவரியில் ஜீப்னி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட ப்ரோக்கா சிறையில் அடைக்கப்பட்டார். அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆபாசம் குறித்த வாரியத்தின் பார்வை மிகக் குறுகலானது என்றது; ஆனாலும் முத்திரையை ரத்து செய்யப் போதிய நீதிபதிகள் முன்வரவில்லை. தொழிலாளியின் போராட்டத்துக்கு வயது வரம்பு. பெண்ணின் உடலுக்கு அரசு அரங்கம்.

மார்கோஸ் போனார், ஆணை இருக்கிறது

1985 அக்டோபரில் மார்கோஸ் ஓர் ஆணை பிறப்பித்து இன்றைய திரைப்பட, தொலைக்காட்சி வாரியத்தை உருவாக்கினார். அந்த ஆணையின் எண் 1986. தற்செயலாக, அவர் நாட்டைவிட்டு ஓடிய ஆண்டும் அதுவே. மக்கள் எழுச்சி சர்வாதிகாரியை விரட்டியது. அவர் உருவாக்கிய வாரியம் அதே ஆணையின் கீழ் இன்றும் நடக்கிறது.

எழுச்சியில் மக்கள் பக்கம் நின்ற திருச்சபையே பின்னர் கத்தரிக்கோலின் மறுமுனையைப் பிடித்தது. 1994இல் யூதப் படுகொலையைச் சொல்லும் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்திலும் வெட்டு கேட்டது வாரியம். அதிபர் ராமோஸ் தலையிட்ட பிறகே படம் முழுமையாக வந்தது. 2001இல் ஹோசே ஹாவியர் ரேயஸின் ‘லைவ் ஷோ’ வந்தது. ‘தோரோ’ தொழிலில் இருக்கும் ஏழை இளைஞர்களின் வாழ்க்கையைச் சொன்ன படம். கார்டினல் சின் எதிர்த்தார். மற்றோர் எழுச்சியின் மூலம் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த அதிபர் அரோயோ திரையிடலை நிறுத்தினார். வாரியத் தலைவராக இருந்த ஆய்வாளர் நிக்கனோர் தியோங்சன் பதவி விலகினார். அந்த வறுமையை ஒழிக்க யாரும் பதவி விலகியதாகத் தெரியவில்லை.

பிறகு வேலையைச் சந்தை எடுத்துக்கொண்டது. பேரங்காடித் திரையரங்குகள் வயது வந்தோர் படங்களுக்குக் கதவடைத்தன; மரச்செருப்புக் கூட்டத்தின் பழைய தனிக் கொட்டகைகள் அழிந்தன. அப்படி அழிந்துகொண்டிருக்கும் ஒரு கொட்டகைக்குள் வாழும் குடும்பத்தைத்தான் பிரில்லாண்டே மெண்டோசா ‘செர்பிஸ்’ (2008) படத்தில் காட்டினார். 2021இல், பெருந்தொற்று திரையரங்குகளை மூடியிருந்த நேரத்தில், ‘விவாமேக்ஸ்’ என்ற இணையத் தளம் தொடங்கியது. பொம்பாவின் வாரிசுகள் இப்போது கைபேசிக்குள் வருகிறார்கள். வெளிநாடுகளில் உழைக்கும் ஃபிலிப்பினோக்களுக்கும் போய்ச் சேர்கிறார்கள். 2022இல் ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ மூன்றாம் பாகமும் அங்கேதான் வந்தது. இணையத்துக்கும் தணிக்கை வேண்டுமா என்ற விவாதம் இன்று நடக்கிறது. நடிக்க வரும் இளம்பெண்ணின் ஒப்பந்தம், ஊதியம், மறுக்கும் உரிமை பற்றிய விவாதம் அதே சத்தத்தில் நடப்பதில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தணிக்கைக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று மட்டும் கேட்கப்படும் இடத்தில் நாம் அவசரப்பட்டு அணிசேரக் கூடாது. கத்தரிக்கோலை அரசிடமும் மதபீடத்திடமும் கொடுத்தால் அது முதலில் சேரியின் பெயரை வெட்டும் என்பதற்கு ‘மணிலா பை நைட்’ சாட்சி. கத்தரிக்கோலே வேண்டாம் என்று சந்தையிடம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, குளிர்பானத்தின் பெயரோடு இறந்துபோன ஒரு சிறுபெண் சாட்சி.

நாம் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். கேமராவின் முன் நிற்பவருக்கு வயது என்ன? கூலி என்ன? முடியாது என்று சொல்ல அவரால் முடியுமா? முடியாதபோது அவர் புகாரை யார் கேட்பார்கள்? சமூகவியல் மாணவர்கள் ஒரு படத்தை ஆராயும்போது காட்சியோடு நின்றுவிடாமல் இந்தக் கேள்விகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். களத்தில் நிற்கும் தோழர்கள், ஆபாசத்துக்கு எதிராக என்று ஒரு கொடி உயரும்போது அந்தக் கொடிக்கம்பம் யார் நிலத்தில் நடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நினைவுச் சொற்பொழிவு என்பது பெயர்களை மறக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. மணிலா வளைகுடாவின் ஓரத்தில் சிமெண்டில் புதைந்த தொழிலாளர்களையும், வேறொருவர் வைத்த பெயரோடு மறைந்த பெண்களையும் இந்த நாளில் நம் நினைவின் வரிசையில் சேர்த்துக்கொள்வோம்.

ஜெய் பீம்.